வாசலில் பூட்டா, கொல்லையில் காவலா?

மாதம் பிறந்தால் நம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் இரண்டு விதமாக வெளியே போகிறது. ஒன்று, நாமாக எடுத்துக் கொடுப்பது. பால்காரர், மளிகைக் கடை, வீட்டு வாடகை. டெபிட் கார்டைத் தேய்த்தாலும் சரி, போனில் ஸ்கேன் செய்தாலும் சரி, கொடுக்கும் கை நம்முடையது. இன்னொன்று, வரவேண்டியவர் தாமே வந்து எடுத்துக்கொள்வது. வீட்டுக் கடன் தவணை, இன்ஷூரன்ஸ் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. எல்லாம் இந்த ரகம். என்றோ ஒருநாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம். அதன்பின் மாதாமாதம் குறித்த தேதியில் அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். பல வெளிநாடுகளில் இதற்கு ‘டைரக்ட் டெபிட்’ என்று பெயர்.

இரண்டும் எல்லா நாடுகளிலும் இருக்கின்றன. பெயர்கூட ஏறக்குறைய ஒன்றுதான். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிள்ளையோ பெண்ணோ படிப்புக்காகவோ வேலைக்காகவோ வெளிநாடு போன வீடுகளில், முதல் சில மாதங்கள் நடக்கும் போன் பேச்சைக் கேட்டால் புரியும். “ஓ.டி.பி.யே வரலைப்பா, ஆனா பணம் போயிடுச்சு” என்று அங்கிருந்து ஒரு குரல். “நம்மைக் கேட்காம எப்படிடா எடுப்பாங்க? உடனே பேங்க்ல போய்க் கேளு” என்று இங்கிருந்து ஒரு குரல். இரண்டு பேர் பேசுவதும் நியாயம்தான். ஆளுக்கொரு நாட்டு வழக்கத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பாதுகாப்பு இரண்டு வகையாகச் செய்யலாம். வாசலில் பெரிய பூட்டாகப் போட்டு, யாரும் உள்ளே வராமல் தடுக்கலாம். அல்லது வாசலைச் சாத்தாமல் விட்டுவிட்டு, எடுத்துக்கொண்டு ஓடுபவனைக் கொல்லைப்புறத்தில் பிடித்துப் பொருளைத் திரும்ப வாங்கித் தரும் காவலை வைக்கலாம். சில நாடுகள் முதல் வழியை நம்புகின்றன. சில நாடுகள் இரண்டாவதை. நம் பிள்ளை இருக்கும் நாடு எந்த ரகம் என்று தெரிந்துகொண்டால், எங்கே விழித்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கார்டு ஒன்று, வழக்கம் வேறு

முதலில் கார்டு. நம் ஊரில் டெபிட் கார்டு என்றால் பூட்டு வாசலில்தான். இணையத்தில் கார்டைப் பயன்படுத்தினால் கூடுதலாக ஒரு ரகசிய எண் கேட்டே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. அதுதான் இன்று நாம் பழகிவிட்ட ஓ.டி.பி. கடையில் தேய்த்தால் பின் நம்பர். 5,000 ரூபாய் வரைக்கும் மட்டும், தொட்டுக் காட்டினால் போதும் என்ற சலுகை 2021 ஜனவரியில் வந்தது.

அமெரிக்கா போனால் இந்தப் பழக்கம் திடீரென்று காணாமல் போகிறது. அங்கே பெரும்பாலான இணையக் கடைகளில் கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று இலக்கம் கொடுத்தால் வேலை முடிந்தது. ஓ.டி.பி. வரும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குள் ரசீது வந்து நிற்கும். கடைகளில் வெகுகாலம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய கார்டு நிறுவனங்கள் 2018 ஏப்ரலில் அந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டன.

அங்கே கல்லாவில் டெபிட் கார்டை நீட்டினால், “கிரெடிட்டா, டெபிட்டா?” என்றும் கேட்பார்கள். புதிதாகப் போனவர்கள் இதில் திகைத்துப்போவார்கள். ‘கிரெடிட்’ என்று சொன்னால் கடன் ஆகிவிடுமோ என்ற பயம். ஆகாது. எதைச் சொன்னாலும் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். பின் நம்பர் போட்டு ஒரு வலைப்பின்னல் வழியாகப் போவதா, அது இல்லாமல் விசா, மாஸ்டர்கார்டு வழியாகப் போவதா என்பது மட்டும்தான் கேள்வி.

பெட்ரோல் பங்க்கில் இன்னொரு வேடிக்கை. நீங்களே போட்டுக்கொள்ளும் பம்ப், உங்கள் வீட்டு ‘ஜிப் கோடு’ என்ன என்று கேட்கும். அங்கே அது ஐந்து இலக்கம். நம் பின்கோடு ஆறு இலக்கம். இந்திய கார்டோடு போனவர் எதைப் போட்டாலும் மெஷின் ஏற்காமல் போகலாம். உள்ளே போய் கவுன்ட்டரில் முன்பணம் கட்டுவதுதான் வழி. தவிர, 30 டாலருக்குப் பெட்ரோல் போட்டாலும், எவ்வளவு போடுவீர்கள் என்று முன்கூட்டியே தெரியாததால், பம்ப் அதைவிடப் பெரிய தொகையைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும். பிறகு விடுவித்துவிடும். கிரெடிட் கார்டு என்றால் இது நமக்குத் தெரியவே தெரியாது. டெபிட் கார்டு என்றால், பிடித்துவைத்திருப்பது நம் கையிருப்பு. மாதக் கடைசியில் 80 டாலர் மட்டும் வைத்திருக்கும் மாணவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஜெர்மனியில் வேறு கதை. அங்கே வங்கிகள் ‘ஜிரோகார்டு’ என்ற உள்நாட்டு டெபிட் கார்டு தருகின்றன. பேக்கரியிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் ஜம்மென்று வேலை செய்யும். ஆனால், பல ஜிரோகார்டுகளில் நமக்குத் தெரிந்த 16 இலக்க எண்ணே இருக்காது. அதை வைத்து இணையத்தில் டிக்கெட் எடுக்க முடியாது. வெளிநாட்டில் பயன்படுத்த அதே கார்டில் ‘மேஸ்ட்ரோ’ முத்திரையும் இருந்தது. 2023 ஜூலைக்குப் பிறகு ஐரோப்பாவில் புதிய மேஸ்ட்ரோ கார்டுகள் தருவது நின்றுபோனது. அதனால் புதுக் கணக்கு தொடங்கும்போதே ‘விசா டெபிட்’ அல்லது ‘டெபிட் மாஸ்டர்கார்டு’ உண்டா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பக்கத்து நாடான நெதர்லாந்தில் டெபிட் கார்டில் பணம் கட்டுவதற்கு ‘பின்னன்’ என்று தனி வினைச்சொல்லே இருக்கிறது. பின் நம்பரிலிருந்து பிறந்த சொல். டெபிட் கார்டு அங்கே அவ்வளவு ஊறிப்போனது.

ஐஸ்கிரீமில் பிறந்த முறை

இப்போது, அவர்களே வந்து எடுத்துக்கொள்ளும் டைரக்ட் டெபிட்டுக்கு வருவோம். இதன் பிறப்பிடம் பிரிட்டன். 1964-ல் யூனிலீவர் நிறுவனத்தில் வேலை பார்த்த அலஸ்டர் ஹான்டன் என்பவருக்கு ஒரு சிக்கல். ஐஸ்கிரீம் விற்கும் சிறு வியாபாரிகளிடமிருந்து நிறுவனத்துக்கு வரவேண்டிய பணத்தை எப்படிச் சுலபமாக வசூலிப்பது? ‘ஸ்டாண்டிங் ஆர்டர்’ என்ற முறை அப்போதே இருந்தது. ஆனால் அதில் மாதாமாதம் ஒரே தொகைதான் போகும். வெயில் அடித்தால் ஐஸ்கிரீம் அதிகம் விற்கும், மழை பெய்தால் குறையும். தொகை மாறிக்கொண்டே இருக்கும் வியாபாரத்துக்கு அது ஒத்துவரவில்லை. ‘கணக்குப் பார்த்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று வியாபாரி அனுமதி கொடுத்துவிட்டால்? அந்த யோசனைதான் டைரக்ட் டெபிட்.

இன்று பிரிட்டனில் கரன்ட் பில், தண்ணீர் வரி, போன், ஜிம் எல்லாமே இதில்தான் ஓடுகின்றன. தொடங்குவது மிகச் சுலபம். கணக்கு எண்ணையும் வங்கிக் கிளையைக் குறிக்கும் ‘சார்ட் கோடு’ எண்ணையும் கொடுத்தால் போதும். இணையத்திலேயே, ஏன், போனிலேயே சொல்லிவிடலாம். உங்கள் வங்கி உங்களைக் கூப்பிட்டு, ‘இது நீங்கள்தானா?’ என்று கேட்பதில்லை.

இது எவ்வளவு சுலபம் என்பதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 2007-ல் பிரிட்டன் அரசு, கோடிக்கணக்கான மக்களின் வங்கி விவரங்கள் அடங்கிய வட்டுகளைத் தொலைத்துவிட்டது. நாடே பதறியது. தொலைக்காட்சிப் பிரபலம் ஜெரமி கிளார்க்ஸன், ‘கணக்கு எண் தெரிந்தால் என்ன செய்துவிட முடியும்? பணம் போடத்தான் முடியும், எடுக்க முடியாது’ என்று தன் கணக்கு விவரங்களைப் பத்திரிகைப் பத்தியிலேயே அச்சிட்டார். 2008 ஜனவரியில் வங்கிக் கணக்கைப் பார்த்தால் 500 பவுண்டு குறைந்திருந்தது. யாரோ ஒருவர் அவர் பெயரில் நீரிழிவு நோயாளிகளுக்கான தொண்டு அமைப்புக்கு டைரக்ட் டெபிட் தொடங்கிவிட்டிருந்தார். தான் சொன்னது தவறு என்று கிளார்க்ஸன் ஒப்புக்கொண்டார்.

வாசல் இப்படித் திறந்து கிடக்கிறதே, பிரிட்டன்காரர்கள் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறார்கள்? கொல்லையில் காவல் பலமாக இருக்கிறது. ‘டைரக்ட் டெபிட் கேரன்டி’ என்று ஓர் உத்தரவாதம். தொகையோ தேதியோ மாறினால், எடுப்பவர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பொதுவாக 10 வேலை நாட்கள். தவறாக எடுத்துவிட்டால், உங்கள் வங்கி முழுப் பணத்தையும் உடனே திருப்பித் தர வேண்டும். ‘எடுத்தவரிடம் போய்க் கேளுங்கள்’ என்று வங்கி கை கழுவ முடியாது. இதற்குக் கால வரம்பும் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் வங்கியிடம் சொல்லி நிறுத்திவிடலாம். நமக்கு உரிமையில்லாத பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டால், நிறுவனம் கேட்கும்போது கொடுத்துவிட வேண்டும் என்பதும் அதே உத்தரவாதத்தில் இருக்கிறது.

ஒரே ஒரு கண்ணி. ஜிம், செயலி போன்ற சில இடங்களில் வங்கிக் கணக்கு எண்ணுக்குப் பதிலாக டெபிட் கார்டு எண்ணை வாங்கிக்கொண்டு மாதாமாதம் பணம் எடுப்பார்கள். பார்க்க டைரக்ட் டெபிட் மாதிரியே இருக்கும். ஆனால் அது வேறு வகை அனுமதி. மேலே சொன்ன உத்தரவாதம் அதற்குச் செல்லாது. அதனால் எதையாவது மாதச் சந்தாவாகச் சேரும்போது, கேட்பது கணக்கு எண்ணா, கார்டு எண்ணா என்று பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் எட்டு வாரம்

ஜெர்மனியில் இந்த முறைக்கு ‘லாஸ்ட்ஷ்ரிஃப்ட்’ என்று பெயர். 2014 முதல் யூரோ நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ‘செபா’ விதிகளின் கீழ் வந்துவிட்டது. ‘ஐபான்’ எனப்படும் நீளமான கணக்கு எண்ணைக் கொடுத்து அனுமதி தந்தால் போதும். ஜெர்மன் ஐபானுக்கு 22 எழுத்து, எண்கள். நம் அனுமதிச் சீட்டு யாரிடம் இருக்கும் தெரியுமா? பணம் எடுக்கும் நிறுவனத்திடமே! நம் வங்கி அதைப் பார்ப்பதுகூட இல்லை. நிறுவனம் கேட்கும், வங்கி கொடுத்துவிடும்.

அதற்கு ஈடாக, எடுத்த நாளிலிருந்து 8 வாரத்துக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வங்கி கொடுத்தே ஆக வேண்டும். நாம் அனுமதியே தராமல் எடுத்திருந்தால் 13 மாதம் வரை கேட்கலாம். வங்கிச் செயலியில் அதற்கென்றே ஒரு பொத்தான் வைத்திருக்கும் வங்கிகள் உண்டு.

நம் பிள்ளைகளுக்கு இது எங்கே உதவும்? ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் மாணவர் விசாவுக்காக முடக்கக் கணக்கு ஒன்றில் பணம் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டும் அவருடைய சாதாரணக் கணக்குக்கு வரும். அந்த 992-லிருந்துதான் வாடகை, மருத்துவக் காப்பீடு, போன் எல்லாம் போகவேண்டும். பலவும் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் வழியாக. போதாக்குறைக்கு, டி.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீடும் கட்டவேண்டிய ஒலிபரப்புக் கட்டணம் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டிலிருந்து மாதம் 18.36 யூரோ. பதிவு செய்துகொண்ட சில வாரங்களில் கடிதம் வரும். மோசடிக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்கள் பிறகு அபராதத்தோடு கட்டியிருக்கிறார்கள். ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், பகிர்ந்துகொள்ளலாம்.

கணக்கில் பணம் இல்லாமல் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் திரும்பிப்போனால், எடுக்க வந்த நிறுவனம் கட்டணம் போடும். ஆகவே அங்கே இருக்கும் பிள்ளைகள் எல்லாப் பிடித்தங்களையும் ஒரு தாளில் தேதிவாரியாக எழுதிச் சுவரில் ஒட்டுவது நல்லது. பழைய யோசனைதான், இன்றும் பலிக்கிறது.

இங்கே பலரும் இடறும் இடம் ஒன்று. பணம் எடுப்பதை நிறுத்துவது வேறு, ஒப்பந்தத்தை முடிப்பது வேறு. ஜிம்முக்கு ஒரு வருடம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றாம் மாதம் வங்கியில் சொல்லி நிறுத்தினால் பணம் நிற்கும், கடன் நிற்காது. நிலுவைத் தொகைக்கு வசூல் நிறுவனத்தின் கடிதம் வரும். பிரிட்டனிலும் இதே கதைதான். ஒப்பந்தத்தை எழுத்தில் முடித்து, அதற்குப் பதிலும் வாங்கிக்கொண்டு, அப்புறம் வங்கிக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் கடிகாரம் ஓடும்

அமெரிக்காவில் இன்னும் செக் உயிரோடு இருக்கிறது. வாடகையைச் செக்கில் கேட்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. ஒவ்வொரு செக்கின் அடியிலும் வங்கியைக் குறிக்கும் 9 இலக்க எண்ணும் நம் கணக்கு எண்ணும் அச்சாகியிருக்கும். ‘ஏ.சி.ஹெச்.’ என்ற வலைப்பின்னல் வழியாகக் கணக்கிலிருந்து பணம் எடுக்க அந்த இரண்டு எண்களே அடிப்படை. ஆக, யாருக்காவது செக் கொடுத்தாலே அவர் கையில் அந்த எண்களையும் கொடுத்துவிட்டோம்.

அங்கேயும் காவல் கொல்லையில்தான். ஆனால் கடிகாரம் வைத்த காவல். 1978-ல் வந்த மின்னணுப் பணப் பரிமாற்றச் சட்டத்தின்படி, டெபிட் கார்டு தொலைந்தது தெரிந்து இரண்டு வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொன்னால், நம் நஷ்டம் அதிகபட்சம் 50 டாலர். தாமதித்தால் 500 டாலர் வரை போகலாம். மாத அறிக்கையில் வந்த தவறான பிடித்தத்தை 60 நாட்களுக்குள் சொல்லாவிட்டால், அதற்குப் பிறகு போகும் பணத்துக்கு வரம்பே இல்லை. கார்டு நிறுவனங்கள் தாமாக முன்வந்து இதைவிடத் தாராளமான பாதுகாப்பைத் தருகின்றன என்றாலும், சட்டத்தின் கடிகாரம் இதுதான். மாதாமாதம் போகும் ஒரு பிடித்தத்தை நிறுத்த வேண்டுமா? குறித்த தேதிக்கு மூன்று வேலை நாட்கள் முன்னதாக வங்கியிடம் சொல்ல வேண்டும்.

ஆகவே அங்கே இருப்பவர்கள், ‘ஓ.டி.பி. வரவில்லை, அதனால் பணம் போயிருக்காது’ என்ற நம் ஊர் நிம்மதியை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். மாத அறிக்கையை வரி வரியாகப் படிப்பதுதான் அங்கே பூட்டு.

வாசலைக் காக்கும் நாடுகள்

ஜப்பானில் கரன்ட் பில்லைத் தானாகப் பிடிக்கச் சொல்ல, காலம்காலமாக ஒரு காகிதப் படிவம் உண்டு. அதில் உங்கள் கையெழுத்து போதாது. வங்கியில் நீங்கள் பதிவு செய்துவைத்த முத்திரையைக் குத்த வேண்டும். அந்த முத்திரை பொருந்தவில்லை என்றால் படிவம் திரும்பி வரும்.

நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் இதற்கு ‘ஜைரோ’ என்று பெயர். படிவம் நம் வங்கிக்குப் போய், வங்கி சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பிடித்தம் தொடங்கும். காகிதப் படிவம் என்றால் வாரக்கணக்கில் ஆகும். 2021-ல் வந்த ‘இ-ஜைரோ’ அதை நிமிடங்களாகக் குறைத்தது. ஜைரோவில் ஒரு நல்ல லாபமும் உண்டு. வருமான வரியை 12 மாதத் தவணை வரை வட்டியில்லாமல் கட்டலாம்.

நம் நாடும் இந்த வரிசையில்தான். முன்பு இ.சி.எஸ். என்று இருந்தது, இப்போது ‘நாச்’ ஆகிவிட்டது. நடத்துவது, யு.பி.ஐ.யையும் நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம். நாம் தரும் மாண்டேட் நம் வங்கிக்குப் போய், வங்கி ஏற்றுக்கொண்ட பிறகே பணம் எடுக்க முடியும். கார்டு வழியாகவும் யு.பி.ஐ. வழியாகவும் போகும் மாதச் சந்தாக்களுக்கு 2021 அக்டோபரிலிருந்து இன்னும் ஒரு பூட்டு. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வர வேண்டும், வேண்டாம் என்றால் நிறுத்தும் வசதி அதிலேயே இருக்க வேண்டும். ஓ.டி.பி. இல்லாமல் எடுக்கும் உச்சவரம்பு 5,000 ரூபாயாகத் தொடங்கி 2022-ல் 15,000 ஆனது. இன்ஷூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் ஒரு லட்சம். இந்த விஷயத்தில் நாம் அமெரிக்கர்களைவிட நன்றாகவே காக்கப்படுகிறோம்.

ஆனால் கொல்லைப்பக்கம் வந்து பார்த்தால் நிலைமை வேறு. நாம் மாண்டேட் கொடுத்த நிறுவனம் கூடுதலாக எடுத்துவிட்டது என்றால், ஜெர்மனியைப் போலக் காரணம் சொல்லாமல் எட்டு வாரத்துக்குள் திரும்ப வாங்கும் உரிமை நம் நாச் முறையில் இல்லை. நிறுவனத்திடம் எழுதி, வங்கியிடம் எழுதி, பதில் இல்லாவிட்டால் ஓம்பட்ஸ்மேன் வரை போக வேண்டும். நாம் செய்யாத, மோசடியான பரிமாற்றங்களுக்கு மட்டும் 2017-ல் ரிசர்வ் வங்கி ஒரு பாதுகாப்பு தந்தது. தவறு வங்கியுடையதோ நம்முடையதோ இல்லாதபோது, தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் நமக்கு நஷ்டம் இல்லை. ஓ.டி.பி.யை நாமே யாரிடமாவது சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம் பொறுப்பு.

இன்னொன்று, வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்கள் பலருக்கும் அதிர்ச்சி தருவது. பிரிட்டனில் பணமில்லாமல் டைரக்ட் டெபிட் திரும்பினால் பாதிப்பு கட்டணம், கடன் மதிப்பீட்டில் ஒரு கறை என்ற அளவில் நிற்கும். இங்கே 2007-ம் ஆண்டின் பணப்பரிமாற்றச் சட்டம், 25-வது பிரிவின்படி, கணக்கில் பணம் இல்லாமல் மின்னணுப் பிடித்தம் திரும்பினால் அது செக் பவுன்ஸ் ஆனது மாதிரியே குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். உடனே போலீஸ் வந்துவிடாது. வரவேண்டியவர் 30 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. ஆனால் மகன் வெளிநாட்டில், நோட்டீஸ் போவது சேலத்திலோ தஞ்சாவூரிலோ உள்ள பழைய முகவரிக்கு. அந்த 15 நாள் யாருக்கும் தெரியாமலே கழிந்துவிட்டால்? அதனால் அங்கிருப்பவர் பெயருக்கு வரும் தபாலைப் பிரித்துப் பார்க்கும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

2021 ஆகஸ்ட் முதல் நாச் எல்லா நாளும் வேலை செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தவணை திங்கள்வரை காத்திருக்கும் என்ற பழைய கணக்கும் செல்லாது.

போகுமுன், இருக்கும்போது, திரும்பும்போது

போகுமுன்: இந்தியக் கணக்கிலிருந்து என்னென்ன தானாகப் பிடிக்கப்படுகிறது என்று பட்டியல் எடுங்கள். கல்விக் கடன், வீட்டுக் கடன், பாலிசி. குறைந்தது மூன்று மாதத் தவணை கணக்கில் இருக்கட்டும். கணக்கை என்.ஆர்.ஓ. ஆக மாற்றும்போது, பழைய மாண்டேட் தொடருமா, புதிதாகக் கொடுக்க வேண்டுமா என்று வங்கியில் எழுதிக் கேளுங்கள். ஓ.டி.பி. வரும் இந்திய எண்ணை உயிரோடு வைத்திருங்கள்.

இந்திய டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதி. தேவைப்படும்போது செயலியில் திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். வெளிநாட்டு இணையதளங்கள் ஓ.டி.பி. கேட்காமலே நம் கார்டிலிருந்து எடுக்கக்கூடும். அதற்கு இந்த ஒரு சுவிட்சுதான் பூட்டு. வெளிநாட்டுக் கடை மெஷின், “ரூபாயிலா, யூரோவிலா?” என்று கேட்டால் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று சொன்னால் கணக்கு புரிகிற மாதிரி இருக்கும், ஆனால் அவர்கள் போடும் மாற்று விகிதம் பொதுவாக நமக்கு நஷ்டம்.

இருக்கும்போது: எந்த நாடானாலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். பணம் எடுக்குமுன் எனக்குச் சொல்வார்களா? தவறாக எடுத்தால் எத்தனை நாளுக்குள் நான் சொல்ல வேண்டும்? திருப்பித் தர வேண்டியது என் வங்கியா, எடுத்தவரா? வங்கிக் கணக்கு தொடங்கும் அன்றே இந்த மூன்றையும் கவுன்ட்டரில் கேட்டுவிடலாம். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பேசுவதற்கு முன் ஐந்து நிமிடம், கணக்கைத் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் எட்டு வாரமோ அறுபது நாளோ நம்மை மீறிப் போகாது.

திரும்பும்போது: விமான டிக்கெட்டுக்கு முன்பே ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக எழுத்தில் முடியுங்கள். வங்கிக் கணக்கைக் கடைசியாக மூடுங்கள். பிரிட்டனில் கரன்ட், காஸ் நிறுவனங்கள் ஆண்டுச் செலவை உத்தேசமாகக் கணக்கிட்டு, மாதம் ஒரே தொகையாகப் பிடிப்பது வழக்கம். கோடையில் மிஞ்சுவது குளிர்காலத்துக்காகச் சேரும். கோடை முடிந்து ஊர் திரும்புகிறவருக்கு அங்கே சேர்ந்த மீதி இருக்கலாம். கேட்டு வாங்க வேண்டும். அது வந்து சேர, கணக்கு திறந்திருக்க வேண்டும்.

இங்கே இருக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. “பணம் போயிடுச்சு” என்று பிள்ளை சொன்னால், “ஓ.டி.பி. யாருக்காவது சொன்னியா?” என்று அதட்டுவதுதான் நம் முதல் கேள்வியாக வருகிறது. நம் ஊருக்கு அது சரியான கேள்வி. அங்கே கேட்க வேண்டியது, “என்னைக்கு எடுத்தாங்க? பேங்க்ல சொல்லிட்டியா?” என்பதுதான். திட்டு வாங்கும் பயத்தில் பிள்ளை பத்து நாள் கழித்துச் சொன்னால், போவது அந்தப் பத்து நாளும்தான்.